பழைய லான்ட் றோவர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மாத்தளை மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களைச் சந்திக்கும்போது எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "திருத்திப் புதுசாக்கின பழைய ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கு. நட்டஈட்டுக் காசும் கையில இருக்கு. வாங்கலாமா?" என்பதே அது. மொறகஹகந்த, களுகங்கைத் திட்டங்களுக்காக வயலையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். பழைய பல்லேகம நகரமே நீருக்குள் போன பின் புதிய குடியிருப்புகளில் வாழ்வைத் தொடங்கியவர்கள் அவர்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மண்சரிவுக்கு அஞ்சி இடம் மாறியவர்களும் இப்போது அதையே கேட்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. புதிய காணி பெரும்பாலும் தார் றோட்டுக்கு அருகில் கிடைப்பதில்லை. மிளகையும் கொக்கோவையும் மரக்கறியையும் மூட்டையாகக் கட்டிய பின் அவற்றைப் பாதைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மழை பெய்தால் முச்சக்கர வண்டி மேலே வராது. லொறிக்காரர் வந்தால் அவர் சொல்வதே கூலி. இந்த நிலையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனம் ஒன்று வீட்டு வாசலில் நிற்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் நட்டஈட்டுப் பணம் இரண்டாம் முறை வராது. போன வயலுக்கும் விழுந்த வீட்டுக்கும் ஈடாகக் கிடைத்த அந்தப் பணம் ஒரு கராஜின் பெயின்ட் மினுக்கத்துக்குள் மறைந்துபோகக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

விலை பற்றி முதலில் ஒரு சொல். அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கடும் வரியுடன். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த பழைய வாகனங்களின் விலை ஏறியது. முன்பு தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடைகாத்த ஜீப்பெல்லாம் தூசி தட்டப்பட்டு, பெயின்ட் அடிக்கப்பட்டு, "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. அவற்றில் நல்லவையும் உண்டு. எது நல்லது என்று கண்டுபிடிப்பதே வாங்குபவரின் வேலை.

அலுமினியம் மேலே, இரும்பு கீழே

லான்ட் றோவர் விவசாயிக்கென்றே பிறந்த வாகனம். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றைத் தமது பண்ணையில் ஓட்டிய மோறிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர், அதற்கு ஈடாக ஒரு பண்ணை வாகனம் செய்ய எண்ணினார். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், பொடியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அதைத் தாங்கும் செசி மட்டும் இரும்பு. தகடுகளைப் பெட்டி போல ஒட்டிச் செய்த நீண்ட சட்டம் அது.

இந்தச் சிறு வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்வதில்லை. ஐம்பது ஆண்டு மழையில் நின்ற லான்ட் றோவரின் பக்கத் தகடும் ஒரு கோட் பெயின்டில் புதிது போலாகிவிடும். ஆனால் அதே ஐம்பது ஆண்டில் கீழேயுள்ள செசிக்குள் சேறும் ஈரமும் புகுந்து உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கும். ஆகவே மேலே பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவார். மற்ற வாகனங்களிலும் இது ஓரளவு உண்மைதான், லான்ட் றோவரில் இரட்டிப்பு உண்மை. எஞ்சினைத் திருத்தலாம், கியர்பொக்ஸை மாற்றலாம், இருக்கையைத் தைக்கலாம். உக்கிய செசியும் பிழையான பத்திரமும் அப்படிப்பட்டவை அல்ல. இவ்விரண்டில் ஒன்று சரியில்லை என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே எமது கருத்து.

செசியைப் பார்க்கும் முறை

வாகனம் பார்க்கப் போகும் நாளில் பழைய உடுப்பு உடுத்துக்கொண்டு போங்கள். ஒரு சாக்கு, ஒரு டோர்ச் லைட், சிறு சுத்தியல், தட்டையான திருப்புளி, ஒரு காந்தம், அளவு நாடா, கொஞ்சம் நூல், பென்சில், வெள்ளைத்தாள் ஆகியவை போதும். பழுதான ரேடியோ ஸ்பீக்கரின் பின்னாலுள்ள காந்தமே நன்றாக வேலை செய்யும். சாக்கை விரித்து வாகனத்தின் அடியில் படுக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்த இடத்திலேயே விடைபெற்றுக்கொள்ளலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். நான்கு சக்கரமும் நிலத்தில் நிற்க, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். லான்ட் றோவர் உயரமான வாகனம் ஆகையால் இடம் போதும்.

செசியின் நீளச் சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மொத்தென்று ஒலிக்கும். உள்ளே சேறு அடைத்திருந்தாலும் அப்படியே ஒலிக்கும். சேறு அடைத்த இடம் நாளை உக்கும் இடம். மொத்தென்று கேட்ட இடத்தில் திருப்புளியை ஊன்றி அழுத்திப் பாருங்கள். பலா விளைந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்த காது இதையும் விரைவில் பழகிக்கொள்ளும்.

எல்லா இடமும் ஒரே வேகத்தில் உக்குவதில்லை. பின்பக்கக் குறுக்குச் சட்டம், அதாவது டிரெய்லர் கொளுவும் இடம், பெரும்பாலும் முதலில் போகும். பின் சக்கரம் எற்றும் சேறு போய்த் தங்கும் இடம் அதுதான். அடுத்து, பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து எழும் பகுதியின் மேற்புறம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, கையை மேலே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் தட்டுகள் பொருந்தும் தாங்கிகளையும், முன் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் நீளும் கைகளையும், பெற்றோல் அல்லது டீசல் தாங்கியைத் தூக்கிப் பிடிக்கும் கைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கடற்கரையில் வள்ளம் இழுத்த வாகனம் என்றால் இன்னும் கவனம் தேவை. உப்பு நீர் உட்புகுந்த செசி வெளியே நேர்த்தியாகவும் உள்ளே கடதாசியாகவும் இருக்கும்.

அடிப்புறம் முழுவதும் புதிதாகத் தடித்த தார் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். துருவைத் தடுக்கவும் தார் பூசுவார்கள், துருவை மறைக்கவும் பூசுவார்கள். ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்வது வாங்குபவரின் உரிமை. ஒட்டுகளும் அவ்வாறே. உக்கிய பகுதியை முற்றாக வெட்டி எடுத்து, அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து, சுற்றிலும் ஒரே சீராக வெல்டிங் செய்திருந்தால் அது நல்ல வேலை, குறை சொல்ல வேண்டியதில்லை. ஒட்டின் மேல் ஒட்டாகத் தகடு வைத்திருந்தாலோ, வெல்டிங் மணிமணியாக உருண்டு நின்றாலோ, அந்தச் செசி அடுத்த மாரியைத் தாண்டும் என்று எண்ண வேண்டாம்.

இனி நூல் வேலை. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியவர்களுக்கு மூலை மட்டம் பார்க்கத் தெரியும். அதே முறைதான் இங்கும். வலது முன் ஸ்பிரிங் தாங்கியிலிருந்து இடது பின் தாங்கிக்கும், இடது முன்னிலிருந்து வலது பின்னுக்கும் நூல் பிடித்து அளக்க வேண்டும். இரு அளவும் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு அங்குலம் வித்தியாசப்பட்டால், வாகனம் எங்கோ பள்ளத்தில் விழுந்து செசி முறுகியிருக்கிறது. அத்துடன் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 1958 முதல் வந்த குட்டை லான்ட் றோவரில் அது 88 அங்குலம், நெட்டையில் 109 அங்குலம். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் 80 அங்குலம். சொல்லப்பட்ட வகைக்கும் அளவுக்கும் பொருத்தமில்லை என்றால், நடுவில் வெட்டி ஒட்டிய செசியாக இருக்கக்கூடும்.

காந்தத்துக்கும் வேலை உண்டு. எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவில் நிற்கும் தடுப்பும் கதவு தொங்கும் தூணும் லான்ட் றோவரில் இரும்பு. அங்கே காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் புட்டிதான் இருக்கிறது. கால் வைக்கும் இடத்து மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான். பக்கத் தகடுகளில் காந்தம் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், அது அலுமினியம். வில்லிஸ், மஹீந்திரா ஜீப்புகளின் பொடியோ முழுவதும் இரும்பு, ஆகையால் எங்கும் ஒட்ட வேண்டும்.

பத்திரம்

இதைச் செசிக்குச் சமமாக வைக்கிறோம். விற்பவர் காட்டும் பதிவுச் சான்றிதழின் பிரதியைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. மூலத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் படிக்க வேண்டும். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை, வாகனத்தின் வகுப்பு, நிறம், உரிமையாளர் பெயர் ஆகியவை அதில் இருக்கும்.

1958க்குப் பின் வந்த லான்ட் றோவர்களில் செசி இலக்கம் சாரதி பக்கத்து முன் ஸ்பிரிங் பொருந்தும் கொம்பில் குத்தப்பட்டிருக்கும். பெயின்டைத் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். பிள்ளைகள் நாணயத்தை வைத்துத் தேய்ப்பது போலத்தான். இலக்கம் தாளில் எழும். அதைப் பத்திரத்துடன் எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். அந்த இடம் மட்டும் அரத்தால் தேய்த்தது போல வழுவழுப்பாக இருந்தாலும், இலக்கங்கள் ஒன்றுக்கொன்று வேறு அளவில் இருந்தாலும், இலக்கம் உள்ள துண்டைச் சுற்றி வெல்டிங் கோடு ஓடினாலும், வேறு வாகனத்தின் பத்திரத்தை இந்த வாகனத்துக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட வாகனம் பொலிசார் கையில் அகப்பட்டால், நட்டம் கடைசியாக வாங்கியவருக்கே.

எஞ்சின் இலக்கமும் முக்கியம். எமது மலைநாட்டில் பழைய லான்ட் றோவர்களில் பலவற்றின் சொந்த எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். அதில் தவறில்லை, உதிரிப்பாகம் இலகுவில் கிடைப்பதால் அது நன்மையும்கூட. ஆனால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பத்திரத்தில் பெற்றோல் என்றிருக்க, வாகனத்தில் டீசல் எஞ்சின் இருந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு விற்பவருடையது. "வாங்கின பிறகு நீங்களே போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

உரிமையாளர் பெயருக்கு மேலே அல்லது கீழே லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால், கடன் தீர்ந்தது என்ற கம்பனியின் கடிதமும் பெயர் நீக்கமும் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, "ஓப்பன் பேப்பர்" வியாபாரம். பதிவிலுள்ள உரிமையாளர் கைச்சாத்திட்ட வெற்றுப் படிவங்களுடன் வாகனம் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். விற்பவரின் பெயர் பதிவில் எங்கும் இராது. முதல் உரிமையாளர் இறந்திருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், கைச்சாத்தே பொய்யாக இருக்கலாம். பதிவிலுள்ள உரிமையாளரை அவருடைய தேசிய அடையாள அட்டையுடன் நேரில் காண வேண்டும் என்று கேளுங்கள். முடியாது என்றால், வேண்டாம்.

எந்தப் படிவத்தையும் வாசிக்காமல் கைச்சாத்திட வேண்டாம். உரிமை மாற்றத்துக்கு விற்பவர் நிரப்பும் படிவம் வேறு, வாங்குபவர் நிரப்பும் படிவம் வேறு. சிங்களத்தில் மட்டும் நிரப்பிய தாளை நீட்டி "இங்கே ஒரு கையெழுத்து" என்று அவசரப்படுத்துவது தமிழ்க் குடும்பங்கள் பல கண்ட அனுபவம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையையோ ஆசிரியரையோ கூட்டிச் செல்லுங்கள். கொடுத்த தொகை, திகதி, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டு இரு சாட்சிகளின் கைச்சாத்துடன் உங்கள் கையில் இருக்க வேண்டும். முற்பணம் சிறிதாக இருக்கட்டும். அதுவும், பத்திரம் பிழையென்றால் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிய பின்னரே.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் பழைய ஊர் முகவரி இருக்கும், வாழ்வது புதிய ஊரில். பதிவு மாற்றப் போகுமுன் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால் அலைச்சல் குறையும். ஆண்டுதோறும் வாகன வருமான உத்தரவுப் பத்திரம் பிரதேச செயலகத்தில் எடுக்க வேண்டும். அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. பழைய உத்தரவுப் பத்திரம் பல ஆண்டாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் நிலுவையும் தண்டமும் சேர்ந்திருக்கும். அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வாகனம் காராகப் பதியப்பட்டுள்ளதா, லொறியாகவா, ஆட்களும் பொருட்களும் ஏற்றும் வகையாகவா என்பதையும் பாருங்கள். வகுப்பைப் பொறுத்தே தகுதிச் சான்றிதழ் தேவையா என்பதும், விபத்து நடந்தால் காப்புறுதி பணம் தருமா என்பதும் அமையும்.

எஞ்சினும் ஓட்டமும்

எஞ்சினைப் பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். போனவுடன் பொனட்டைத் திறந்து எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்கள் வருகைக்கு முன்பே ஒரு முறை தள்ளியோ இழுத்தோ கிளப்பியிருக்கலாம். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் விதமே அதன் உண்மையான உடல்நலம். கிளம்பியதும் வரும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை ஒயில் எரிவது. விடாத கரும்புகை டீசல் அளவுக்கு மிஞ்சிப் போவது. சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகைக்குப் பல காரணம் உண்டு, எதுவும் மலிவானதல்ல. ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

கீழே ஒயில் சொட்டுவதைக் கண்டு அதிகம் கலங்க வேண்டாம். ஒயில் ஒழுகாத லான்ட் றோவரில் ஒயிலே இல்லை என்று பழைய சாரதிகள் கேலி பேசுவார்கள். சொட்டுவது வேறு, வடிவது வேறு. முன் அச்சின் இரு முனையிலும் உருண்டையான பெரிய குண்டுகள் தெரியும். அவற்றின் மேற்பரப்பு கண்ணாடி போல இருக்க வேண்டும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிலைக்காது.

ஓட்டிப் பார்ப்பதைச் சமதரையில் முடித்துக்கொள்வது வீண். ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் பக்கம் ஏறும் பாதை போன்ற ஏற்றத்தில், சில மூட்டை பாரத்துடன் ஓட்டிப் பாருங்கள். இறக்கத்தில் மூன்றாம் கியரில் விட்டு, அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியர் தானாகக் கழன்று வந்தால் கியர்பொக்ஸ் தேய்ந்திருக்கிறது. மலைப்பாதையில் இது உயிராபத்து. முதல் இரண்டு கியரும் கரகரத்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். 1971க்கு முன் வந்தவற்றில் அவை இரட்டைக் கிளச் மிதித்தே போட வேண்டியவை.

நான்கு சக்கர இழுவையை மண் பாதையில் சோதியுங்கள், தார் றோட்டில் அல்ல. மஞ்சள் குமிழை அமுக்கினால் முன் சக்கரமும் சேரும். சிவப்புக் கம்பியைப் பின்னிழுத்தால் மெதுவான, பலமான கியர் வரும். இரண்டும் தடையின்றிப் போய்வர வேண்டும். முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். குமிழ் அசைகிறது, உள்ளே ஒன்றும் சேர்வதில்லை என்ற வாகனங்களும் உண்டு.

பிரேக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய லான்ட் றோவரின் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டைப் பிடிக்கிறது. கியர்பொக்ஸ் ஒயில் அதில் வடிந்திருந்தால் பிடிக்காது. ஆகவே ஏற்றத்தில் நிறுத்திச் சோதியுங்கள். இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், கைப்பிரேக் போட்டிருந்தாலும் வாகனம் உருளக்கூடும். சக்கரத்துக்குக் கல் வைக்காமல் டயர் மாற்றக் கூடாது என்பதை வீட்டில் வாகனம் தொடும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பலமான புது எஞ்சின் பூட்டிய வாகனங்களில் கால்பிரேக்கையும் அதற்கேற்ப மாற்றினார்களா என்று கேளுங்கள். பலர் மாற்றுவதில்லை. முன்பு ஏறவே மூச்சு வாங்கிய வாகனம் இப்போது பறக்கும், நிற்க மட்டும் பழைய பிரேக்.

டயரில் பூ ஆழமாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வெடித்துக் கிடக்கும் பழைய டயருக்குக் கறுப்பு மை பூசுவதும் நடக்கிறது. குட்டை லான்ட் றோவரில் எரிபொருள் தாங்கி சாரதி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மெத்தையைத் தூக்கி மணந்து பாருங்கள். அங்கே கசிவும், பக்கத்தில் தோல் உரிந்த வயரும் இருந்தால், ஓட்டிப் பார்ப்பதையும் தவிர்க்கலாம்.

இத்தனையையும் தனியே செய்ய வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் கூலி கொடுத்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவருக்கு அறிமுகமானவராக அவர் இருக்கக் கூடாது. அந்த ஒரு நாள் கூலி வீண்செலவு அல்ல.

வாங்க வேண்டுமா?

வாகனம் நல்லது என்று தெரிந்த பிறகும் ஒரு கணக்குப் போட வேண்டும். வாரம் இரு முறை சந்தைக்குப் போய்வர 60 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பழைய டீசல் எஞ்சின் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடினால், மாதம் 57 லீற்றர் வரை போகும். அதை இன்றைய விலையால் பெருக்குங்கள். காப்புறுதி, உத்தரவுப் பத்திரம், டயர், ஒயில் ஆகியவற்றை ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பன்னிரண்டால் பிரித்துச் சேருங்கள். வரும் தொகையையும் இப்போது லொறிக்குக் கொடுக்கும் கூலியையும் அருகருகே எழுதி, குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். வாங்கும் விலையில் காற்பங்காவது முதலாண்டுத் திருத்தத்துக்கெனத் தனியே இருக்க வேண்டும் என்பது எமது ஆலோசனை. அது இல்லாதவர் விலை குறைந்த வேறொன்றைத் தேடுவது நல்லது.

ஜீப் கேட்டு வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது டிரெய்லருடன் கூடிய இரு சக்கர உழவு இயந்திரம் என்பதையும் சொல்ல வேண்டும். தாழ்ந்த நிலத்தில் வயலும் சேனையும் உள்ளவருக்கு லான்ட் மாஸ்டர் உழவும் செய்யும், மூட்டையும் இழுக்கும், டீசலும் குறைவாகவே குடிக்கும். செங்குத்தான மலைச்சரிவில் மிளகும் கொக்கோவும் வைத்தவருக்கே ஜீப் பொருந்தும். சுற்றுலாப் பயணிகளை நக்கிள்ஸ் பக்கம் ஏற்றிச் சென்று உழைக்கலாம் என்று எண்ணும் இளைஞர்களும் உண்டு. அது வனப் பரிபாலனத் திணைக்களத்தின் கீழுள்ள பாதுகாக்கப்பட்ட காடு, 2010இல் உலக மரபுரிமையில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. எங்கும் ஓட்டிச் செல்ல முடியாது. எந்தப் பாதையில் அனுமதி உண்டு, வாடகைக்கு ஓட என்ன காப்புறுதி வேண்டும் என்று கேட்ட பிறகே அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்கலாம்.

மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது நல்ல வழி. ஆனால் பதிவு பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு எந்த நாள், பழுதானால் யார் செலவு, ஒருவர் விலக விரும்பினால் அவருடைய பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்பவற்றை வாங்குமுன் எழுதிக் கைச்சாத்திட்டு, ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். உறவினருக்குள் எதற்கு எழுத்து என்று கேட்பவர்கள் உண்டு. உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே எஞ்சின், கியர்பொக்ஸ், அதன் பின்னாலுள்ள துணைக் கியர்பெட்டி, முன் பின் அச்சுகள், முன் அச்சின் இரு குண்டுகள் ஆகிய எல்லா இடத்து ஒயிலையும் மாற்றிவிடுங்கள். முன்பு எப்போது மாற்றினார்கள் என்று விற்பவர் சொன்னதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பழைய ஒயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்டாமல் போத்தலில் எடுத்துவைத்து, செசியைக் கழுவிக் காயவைத்த பின், பழைய பிரஷ் ஒன்றால் அதன் மேல் மெல்லிதாகப் பூசுங்கள். பிரேக்கிலும் ரப்பரிலும் படக்கூடாது. மாரிக்கு முன் ஒரு முறையும் மாரி முடிந்ததும் ஒரு முறையும் செசிக்குள் தண்ணீர் பாய்ச்சிச் சேற்றை வெளியேற்றி, அடியிலுள்ள துளைகள் அடைபடாமல் கம்பியால் குத்திவிடுங்கள்.